பொதுப்பணம் எங்கே போக வேண்டும்: காற்றாலைக்கா, கம்பிக்கா?

தென்பொதிகை (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். கரி குறைந்த பொருளாதாரத்துக்குத் தமிழ்நாடு மாறுவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், எத்தனை மெகாவாட் காற்றாலை நிற்கிறது, எத்தனை மெகாவாட் சூரியசக்தி வந்திருக்கிறது என்ற கணக்குதான் முதலில் வைக்கப்படுகிறது. அந்த மெகாவாட்டுக்கு முன்னும் பின்னும் அரசு என்ன செலவழித்தது, எதைச் செலவழிக்கத் தவறியது என்று யாரும் கேட்பதில்லை. இந்த இழையில் அதை மட்டும் பேச விரும்புகிறேன்.

1932இல் பைக்காராவில் அன்றைய சென்னை மாகாண அரசு புனல் மின்நிலையம் கட்டியபோது, அந்த மின்சாரத்தை வாங்கக் கோவையில் இத்தனை ஆலைகள் காத்திருக்கவில்லை. மின்சாரம் வந்த பிறகே நூற்பாலைகளும், கிணற்று மேட்டில் பம்ப்செட்டுகளும் பெருகின. காற்றிலும் இதே வரிசைதான். வானிலைத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற அன்னா மணி அவர்களின் தலைமையில், நாடு முழுவதும் கம்பம் நட்டுக் காற்றின் வேகத்தை அளந்து பதிவு செய்த வேலை பொதுப்பணத்தில் நடந்தது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மின்வாரியம் சிறிய செயல்விளக்கக் காற்றாலைகளை நிறுத்தியது. பிறகு கயத்தாறு, முப்பந்தல், கேத்தனூர். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் வீசும் காற்றை நம்பிப் பணம் போடலாம் என்ற துணிவு தனியாருக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் இருக்கின்றன. அவற்றில் வாரியத்தின் சொந்தக் காற்றாலைகள் சுமார் 17 மெகாவாட் மட்டுமே.

வழியைத் திறந்துவிட்ட பிறகு பொதுப்பணம் வேறு பாதையில் போனது என்பதே என் ஆதங்கம். காற்றாலையில் போட்ட முதலீட்டில் 80 விழுக்காட்டையும், தொண்ணூறுகளின் ஒரு கட்டத்தில் முழு 100 விழுக்காட்டையும், முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒன்றிய அரசு சலுகை அளித்தது. இதுவும் பொதுப்பணமே. ஆனால் செலவுக் கணக்கில் தனி வரியாக வராததால் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ யாரும் இதை எண்ணிப் பார்க்கவில்லை. அந்தச் சலுகை நிறுவியதற்குத்தான் பலன் தந்தது, ஓட்டியதற்கு அல்ல. முப்பந்தலில் காற்று மிக நன்றாக வீசும் இடங்களில் 225, 250 கிலோவாட் பழைய இயந்திரங்கள் இன்றும் நெருக்கமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு, மூன்று மெகாவாட் இயந்திரம் நிற்க வேண்டிய நிலம் அது.

என் கருத்து இதுதான்: லாபம் தெரிந்த இடத்துக்குத் தனியார் தானாகவே வருவார். மின்பாதை, துணை மின்நிலையம், மிகுதி மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றிவைத்துப் பிறகு இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையம், காற்று அளவீடு, இடம்பெயரும் தொழிலாளர்களின் மறுவாழ்வு ஆகியவற்றில் யாரும் தாமாக வந்து முதல் போட மாட்டார்கள். பொதுப்பணம் முதலில் அங்கே போக வேண்டும். மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள்.

நூற்பாலை_உடுமலை

நண்பர் தென்பொதிகை அவர்களுக்கு வணக்கம். நூற்பாலை நடத்துபவன் என்ற முறையில் மறுப்பு எழுதுகிறேன்.

வரிச்சலுகையை வீண்செலவு போலச் சித்திரிப்பது நியாயமாகாது. தொண்ணூறுகளில் மின்வெட்டும் கட்டண உயர்வும் ஆலைகளை நெரித்தபோது, வாரியத்திடம் புதிய மின்நிலையம் கட்டப் பணம் இல்லை. அந்தக் காலத்தில் நூற்பாலைகளும் சிமெண்ட் ஆலைகளும் தங்கள் முதலீட்டைக் கொண்டுபோய், எவரும் வாங்கத் தயங்கிய மானாவாரி நிலத்தில் காற்றாலை நிறுத்தியிராவிட்டால், நீங்கள் சொல்லும் 10,000 மெகாவாட் எங்கிருந்து வந்திருக்கும்? அதைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. இறகு செய்பவர், கோபுரம் செய்பவர், பழுது பார்ப்பவர், கிரேன் ஓட்டுபவர் என்று இராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் எத்தனையோ அதை நம்பி வாழ்கின்றன. 2012இல் அந்தச் சலுகையை நிறுத்தியதும் என்ன ஆயிற்று என்பதற்குக் கணக்கே சாட்சி. முந்தைய நிதியாண்டில் நாடு முழுவதும் சுமார் 3,200 மெகாவாட் புதிதாக நிறுவப்பட்டது, அடுத்த ஆண்டில் சுமார் 1,700 ஆகச் சரிந்தது. 2014இல் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு 2017 முதல் 40 விழுக்காடாகக் குறைத்தார்கள்.

ஓட்டியதற்குப் பலன் இல்லை என்பதும் முழு உண்மை அன்று. 2009 முதல் யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகையும் ஒரு மாற்று வழியாக இருந்தது. எங்களைப் போன்றவர்களின் குறை வேறு. ஆடிக் காற்றில் இயந்திரம் முழு வேகத்தில் சுற்ற வேண்டிய நேரத்தில் நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். மின்சாரத்தை எடுத்துச் செல்லக் கம்பி இல்லாததற்குக் காற்றாலைக்காரர் தண்டனை அனுபவித்தார். விற்ற மின்சாரத்துக்கு ஆண்டுக்கணக்கில் நிலுவை நின்றதும் பத்திரிகைகளில் வந்த செய்திதான். ஆகவே கம்பிக்குப் பொதுப்பணம் என்ற உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடுதான். அதற்காக ஆலைக்கு அளித்த ஊக்கத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மின்துறை_ஓய்வு

நிறுத்தச் சொல்லும் உத்தரவு எப்படி வந்தது என்பதை, அந்தப் பணியில் இருந்தவன் என்ற முறையில் விளக்குவது என் கடமை.

ஜூன், ஜூலை மாதங்களில் நள்ளிரவு கடந்து இரண்டு மணி அளவில் காற்று உரத்து வீசும். ஊர் உறங்கும் நேரம் அது, தேவை குறைவு. தேவையைவிட உற்பத்தி மிகுந்தால் மின்தொகுப்பின் அதிர்வெண் ஏறும். மின்சுமைப் பகிர்வு மையத்தில் அது 50 ஹெர்ட்ஸைத் தாண்டி ஏறுவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்போம். முதலில் அனல் நிலையங்களின் உற்பத்தியைக் குறைப்போம். ஒரு கொதிகலனை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது, அணைத்தால் மறுநாள் மாலை உச்ச நேரத்துக்குள் மீண்டும் ஏற்ற முடியாமல் போகலாம். அடுத்து காடம்பாறை நீரேற்று மின்நிலையத்துக்குத் தொலைபேசி போகும். ஆனைமலையில் குடைந்த குகைக்குள் இருக்கும் அந்த நிலையத்தில் 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு உண்டு. மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றும்போது மிகுதி மின்சாரம் செலவாகும். மாலையில் அதே தண்ணீரை இறக்கினால் மின்சாரம் திரும்பக் கிடைக்கும். எண்பதுகளின் பிற்பகுதியில் முழுக்க முழுக்கப் பொதுப்பணத்தில் கட்டி முடிக்கப்பட்ட நிலையம் அது. காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் வரப்போகின்றன என்று அன்று யாரும் எண்ணவில்லை. ஆனால் பின்னாளில் காற்றின் ஏற்ற இறக்கத்தை ஈடுகட்ட மாநிலத்தின் கைவசம் இருந்த பெரிய கருவி அதுவே. நான்கு இயந்திரங்களும் தண்ணீர் ஏற்றத் தொடங்கிய பிறகும் அதிர்வெண் இறங்கவில்லை என்றால்தான் காற்றாலைத் துணை மின்நிலையங்களுக்கு உத்தரவு போகும்.

2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒருபுறம் பகலில் பல மணி நேர மின்வெட்டும், மறுபுறம் இரவில் காற்றாலைகளை நிறுத்துவதும் நடந்தன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நிர்வாகக் கோளாறாகத் தெரிந்தது. மிகுதியை வடக்கே அனுப்பப் போதிய பாதை இல்லை என்பதே அடிப்படைக் காரணம். இராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். அதற்கு முன்பு நாம் ஏறக்குறைய தனித்தீவாக இருந்தோம்.

அதன்பின் பசுமை மின்வழித்தடத் திட்டம் வந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்குமான மொத்தச் செலவு சுமார் 10,141 கோடி ரூபாய். அதில் 40 விழுக்காடு ஒன்றிய அரசின் மானியம், 40 விழுக்காடு ஜெர்மானிய அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ. வழங்கிய கடன், மீதி 20 விழுக்காடு மாநிலத்தின் பங்கு. தேனி அருகே தப்பகுண்டு 400 கிலோவோல்ட் துணை மின்நிலையம் போன்றவை இதில் வந்தவை. கம்பம் கணவாயின் காற்று அங்கிருந்துதான் வெளியேறுகிறது. எந்தக் காற்றாலையின் திறப்பு விழாப் படத்திலும் தப்பகுண்டு இடம்பெறாது. ஆனால் அது இல்லாமல் அந்தப் பகுதிக் காற்றாலைகளின் மின்சாரம் முழுமையாக ஊருக்குள் வந்து சேராது.

இராய்கர்–புகளூர் 800 கிலோவோல்ட் நேர்மின் பாதையையும் குறிப்பிட வேண்டும். 6,000 மெகாவாட் கொள்ளளவுள்ள அது, சத்தீஸ்கரின் நிலக்கரி மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவருவதற்காகவே திட்டமிடப்பட்டது. தெற்கில் காற்று மிகுந்தால் அதே கம்பியில் மின்சாரத்தை வடக்கே திருப்பி அனுப்பவும் முடியும். நிலக்கரிக்கென்று போட்ட பொது முதலீடு காற்றுக்கும் பயன்படுகிறது. ஒரு காற்றாலைக்கு அளிக்கும் மானியம் அந்த ஒரு காற்றாலையோடு நின்றுவிடும்.

வங்கி முறையைப் பற்றியும் நூற்பாலை அய்யா அவர்களிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். காற்றுக் காலத்தில் உற்பத்தியாகும் யூனிட்டை வாரியத்தின் கணக்கில் வைத்துவிட்டு, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் உரிமை ஆலைகளுக்குப் பல்லாண்டு இருந்தது. எடுத்துக்கொள்ளும் அந்த மாதங்களில் வாரியம் அதிக விலைக்கு வாங்கித்தான் ஈடு செய்தது. அதற்கான சுமை வீட்டு இணைப்பு வைத்திருப்பவர்மேல் விழவில்லையா?

நூற்பாலை_உடுமலை

விழுந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் வங்கிக் கட்டணம் என்று யூனிட்டில் ஒரு பங்கைப் பிடித்தார்கள். அது போதுமானதா என்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியது. 2018 மார்ச்சுக்குப் பிறகு நிறுவிய காற்றாலைகளுக்கு அந்த வசதி மறுக்கப்பட்டதால் புதியவர்கள் தமிழ்நாட்டைத் தவிர்த்துக் குஜராத்துக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காற்றில் நீண்டகாலம் முதலிடத்தில் இருந்த நாம் இன்று இரண்டாமிடத்தில் இருக்கிறோம்.

காங்கயம்_மேட்டுக்காடு

கம்பிக்குப் பொதுப்பணம் என்று எல்லோரும் ஒருமித்துச் சொல்கிறீர்கள். அந்தக் கம்பி வானத்தில் தொங்கவில்லை, உழவரின் நிலத்தில் கோபுரம் ஊன்றித்தான் போகிறது. அந்தச் செலவை இதுவரை எழுதியவர்களில் ஒருவரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மின்பாதைக்கு நிலத்தைக் கையகப்படுத்துவதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆவது பிரிவு வழியாக மின்பாதை அமைப்பவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பட்டா உழவரின் பெயரிலேயே இருக்கும், வரியும் அவரே கட்டுவார். ஆனால் கம்பிக்குக் கீழே தென்னை வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது. ஆழ்துளைக் கிணறு தோண்ட வண்டி கொண்டுவந்தால் எந்திரத்தின் உயரத்துக்கு அஞ்ச வேண்டும். அந்த நிலத்தை அடமானம் வைக்கப் போனால் மதிப்பு பாதியாகப் பேசப்படும். 2015இல் ஒன்றிய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதலில், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடும், கம்பி செல்லும் தடத்துக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் என்று வைத்தார்கள். 2024இல் கோபுர இடத்துக்கு இருமடங்கு மதிப்பும், ஊரகப் பகுதித் தடத்துக்கு 30 விழுக்காடும் என்று உயர்த்தினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அரசின் வழிகாட்டி மதிப்பு சந்தை விலைக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது கொங்கு நாட்டில் நிலம் வாங்கி விற்ற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் உழவர்கள் போராடியபோது, வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று எளிதாகச் சொன்னார்கள். நெடுஞ்சாலை ஓரமாகப் புதைவடமாகக் கொண்டு செல்லுங்கள் என்பதே அவர்கள் கேட்டது. அதற்குச் செலவு பன்மடங்கு ஆகும் என்று பதில் வந்தது. அந்தச் செலவு மறைந்துவிடவில்லை. பொதுக்கணக்கிலிருந்து எடுத்து உழவரின் கணக்கில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். கோபுரத்துக்கும் தடத்துக்கும் ஒருமுறை இழப்பீடு தருவதற்குப் பதில் ஆண்டு வாடகை தர வேண்டும். கம்பியில் மின்சாரம் ஓடும் காலம் முழுவதும் ஒருவருக்கு வருமானம் கிடைக்கிறது அல்லவா? நிலத்துக்காரருக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கட்டும்.

தென்பொதிகை

காங்கயம் அய்யா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். பொது முதலீட்டில் கம்பி, கோபுரம், மின்மாற்றி என்று மூன்றை எழுதி, நிலத்தை மட்டும் 'வழித்தட இழப்பீடு' என்ற சில்லறைத் தலைப்பில் தள்ளுவதால்தான் பாதைகள் ஆண்டுக்கணக்கில் தாமதமாகின்றன. வாடகை கொடுத்தால் திட்டச் செலவு கூடும் என்பார்கள். தாமதத்தால் ஏறும் வட்டியை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கடன்_கணக்கு

வட்டி என்ற சொல் வந்துவிட்டதால் குறுக்கிடுகிறேன். பொதுப்பணம் என்று சொல்லும்போது அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பேச வேண்டும்.

அனல் மின்நிலையத்தில் ஒரு யூனிட்டின் விலையில் பெரும்பகுதி நிலக்கரி. காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் செலவு கிடையாது. முழு முதலீட்டையும் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். எனவே யூனிட்டின் விலை என்பது ஏறக்குறைய வட்டியும் முதலும்தான். வட்டி எவ்வளவு என்பதை, வாங்குபவர் நேரத்தில் பணம் தருவாரா என்ற சந்தேகமே முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் வாங்குபவர் கடன் சுமையில் இருக்கும் பகிர்மான நிறுவனம். பகிர்மான நிறுவனங்களின் கடனை மாநில அரசுகள் ஏற்பதற்கான ஒன்றிய அரசின் உதய் திட்டத்தில் 2017 ஜனவரியில் சேர்ந்தபோது அதன் 30,420 கோடி ரூபாய்க் கடனில் 22,815 கோடியை மாநில அரசு தன் தலையில் ஏற்றது. பிறகும் கடன் வளர்ந்தது. 2014க்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை கட்டணம் மாறவே இல்லை. உழவுக்கான இலவச மின்சாரத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதற்குரிய மானியத்தை முழுமையாகவும் உரிய நேரத்திலும் அரசு செலுத்தாவிட்டால், அந்தக் குறை காற்றாலைக்காரரின் நிலுவையாக மாறி, அடுத்த ஒப்பந்தத்தில் அதிக விலையாகத் திரும்பி வரும். வாங்கிய மின்சாரத்துக்குப் பணம் தரத் தாமதித்தால் கூடுதல் கட்டணம் விதிக்கும் ஒன்றிய விதிகள் 2022இல் வந்த பிறகு நிலுவைகள் குறைந்தன. ஒரு ரூபாய்கூட மானியம் தராமல், பணத்தை ஒழுங்காகக் கொடுப்பதாலேயே பசுமை மின்சாரத்தின் விலையைக் குறைக்க முடியும் என்பதற்கு அது சான்று.

காலமும் முக்கியம். கமுதியில் 648 மெகாவாட் சூரியசக்தி நிலையம் 2016இல் வந்தபோது யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று நீண்டகால ஒப்பந்தம். அடுத்த ஆண்டே இராஜஸ்தானின் பத்லாவில் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. முன்னோடிக்கு அதிக விலை தருவது சில நேரம் தேவைதான். ஆனால் விலை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் பொருளை இருபத்தைந்து ஆண்டுக்கு ஒரே விலையில் பெருமளவில் வாங்கினால், அந்தச் சுமையை நுகர்வோரே சுமப்பர். கம்பியும் நீரேற்று நிலையமும் இப்படி ஆண்டுதோறும் மலிவாவதில்லை. தென்பொதிகை அவர்களின் வாதத்துக்கு இதுவும் வலு சேர்க்கும்.

பசுமைக் கடன்பத்திரங்களை மருந்தாகச் சொல்பவர்களுக்கு ஒன்று. 2023 தொடக்கத்தில் ஒன்றிய அரசு இரண்டு தவணையாக 16,000 கோடி ரூபாய் திரட்டியது. சாதாரணப் பத்திரத்தைவிட வட்டி மிகச் சிறிதளவே குறைந்தது. பெயரைப் பசுமை என்று மாற்றுவதால் மட்டும் பணம் மலிவாகிவிடாது.

நெய்வேலி_இரண்டாம்தலைமுறை

கம்பியும் வட்டியும் பேசப்பட்டுவிட்டன. தொழிலாளர் மறுவாழ்வு என்று தொடக்கப் பதிவில் ஒரு சொல் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நெய்வேலி பொது முதலீட்டின் ஊர். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) தொடங்கி, சோவியத் உதவியோடு முதல் அனல் மின்நிலையம் எழுந்து, 1962 முதல் மின்சாரம் வந்தது. சுற்றுவட்டார மக்கள் நிலம் கொடுத்தார்கள். பணத்தைவிட வேலையை நம்பியே கொடுத்தார்கள். அந்த 600 மெகாவாட் முதல் நிலையம் 2020இல் மூடப்பட்டது. இடையில் அதே நிறுவனம் சூரியசக்தியில் பெரிய முதலீடு செய்தது. நல்லதுதான். ஆனால் அவற்றில் பெரும்பகுதி இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வந்தது. சுரங்கத்தில் வாளி எந்திரம் ஓட்டியவருக்கும், கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டவருக்கும் சூரியத் தகடு வரிசையில் வேலை இல்லை. அங்கே தேவைப்படுவது தகட்டைக் கழுவுபவரும் காவலாளியும் சில மின்பணியாளர்களும்தான்.

நிரந்தரத் தொழிலாளி ஓய்வூதியத்தோடு வீடு போய்விடுவார். முதலில் வேலையிழந்து நிற்கப்போவது ஒப்பந்தத் தொழிலாளி. அவர்களில் பலர் நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகள். நிறுவனத்தின் பெயர்ப்பட்டியலில் இல்லாத ஒருவருக்கு எந்த மறுவாழ்வுத் திட்டம் பணம் ஒதுக்கும்? சுரங்க விரிவாக்கமும் நிற்கவில்லை. 2023இல் வளையமாதேவியில் கதிர் விடும் நெல்லில் எந்திரங்கள் இறங்கிய காட்சியை நாடே பார்த்தது. ஒரே நிறுவனம் ஒரு கையால் பழுப்பு நிலக்கரிக்கும் மறு கையால் சூரியசக்திக்கும் செலவழிக்கும்போது, கடலூர் மாவட்டத்துக்கு இழப்பு வருகிறது, அதற்கு ஈடான மாற்று வரவில்லை. மண் கொட்டிய மேடுகள் இங்கே ஏராளம். 400 கிலோவோல்ட் பாதைகள் ஏற்கெனவே இங்கிருந்து புறப்படுகின்றன. மின்கலச் சேமிப்பையும் அதற்கான பழுதுபார்ப்புப் பட்டறைகளையும் பயிற்சி நிலையத்தையும் இங்கே வைத்தால் புதிய கோபுரம் ஊன்ற வேண்டிய தேவையும் குறையும். காங்கயத்து நண்பரின் கவலைக்கும் இது ஓரளவு விடை.

கடலோரம்_மாணவி

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். ஒரு சந்தேகம் மட்டும். கடல்சார் காற்றாலைக்கு 2024இல் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். இது ஆலைக்கு அளிக்கும் மானியம்தானே? தென்பொதிகை அய்யாவின் அளவுகோலில் இது தவறான செலவா?

மின்துறை_ஓய்வு

நல்ல கேள்வி, அம்மா. அந்தத் தொகையில் 600 கோடி துறைமுகங்களை மேம்படுத்துவதற்கு. என் பார்வையில் அந்த 600 கோடிதான் கேள்வியே இல்லாமல் நியாயமானது. கடலில் நடும் இயந்திரத்தின் இறகையும் அடித்தூணையும் இறக்கி வைக்க வலுவான மேடையும் ஆழமான படகுத்துறையும் வேண்டும், அதை எந்த ஏலதாரரும் தன் செலவில் கட்ட மாட்டார். மீதியைப் பொறுத்தவரை, மன்னார் வளைகுடாக் காற்று நிலத்துக் காற்றைவிடச் சீரானது, முதல் 500 மெகாவாட் முள்ளக்காட்டைப் போல ஒரு பாடம் என்று கொள்ளலாம். ஆனால் அங்கே மீன்பிடிப்பவர்களிடம் பேசாமல் கடலில் எல்லை வரைந்தால், நிலத்தில் கோபுரத்தால் வந்த அதே சிக்கல் கடலிலும் வரும்.

நீலகிரியின் குந்தா திட்டத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். போர்த்திமந்து, அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கங்கள் ஏற்கெனவே இருப்பவை. அவற்றுக்கு இடையே 500 மெகாவாட் நீரேற்று நிலையம் கட்டும் பணி பல ஆண்டுகளாக நடக்கிறது. புதிய அணை வேண்டாம், பெரிய அளவில் புதிதாகக் காடும் மூழ்காது. பகல் வெயிலில் தண்ணீரை ஏற்றி மாலையில் இறக்கலாம். கடலுக்குப் போகும் முன் மலையில் தொடங்கியதை முடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தென்பொதிகை

மாணவிக்கு: முதல் பாடத்துக்குப் பொதுப்பணம் தருவதை நான் எதிர்க்கவில்லை. முள்ளக்காட்டை நான் புகழ்ந்ததே அதற்காகத்தான். பாடம் முடிந்த பிறகும் அதே சலுகை தொடர்வதைத்தான் எதிர்க்கிறேன்.

2024இல் பழைய மின்வாரிய நிறுவனத்தைப் பிரித்துத் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்தைத் தனியாக அமைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையும் வந்திருக்கிறது. கழகத்தின் செலவுத் திட்டம் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வரும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்ல வாய்ப்பு உண்டு. இந்த இழையில் எழுதியவர்கள் சேர்ந்து ஒரு மனு அளிக்கலாம் என்று முன்மொழிகிறேன். முப்பந்தலில் பழைய இயந்திரத்தை அகற்றிப் பெரிய இயந்திரம் வைப்பவருக்குப் புதிய வரிச்சலுகை கேட்காமல், அவருக்குத் தேவையான துணை மின்நிலையத்தின் கொள்ளளவை அரசே முன்கூட்டிக் கூட்டித் தர வேண்டும். வங்கி முறையால் வாரியத்துக்கு உண்மையில் ஆகும் செலவை மாதவாரியாக வெளியிட வேண்டும், அப்போது நூற்பாலை நண்பருக்கும் மின்துறை அய்யாவுக்கும் இடையேயான கருத்து வேறுபாடு கணக்கைப் பார்த்துத் தீரும். கோபுர வாடகையைத் திட்டச் செலவின் ஒரு பகுதியாக ஏற்க வேண்டும். நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த கோரிக்கை ஒன்றிய நிலக்கரித் துறைக்குப் போக வேண்டியது என்பதால் அதைத் தனி மனுவாக எழுதுவோம். வரைவை இரண்டாம்தலைமுறை நண்பர் தொடங்கித் தந்தால் நலம்.

காங்கயம்_மேட்டுக்காடு

கோபுர வாடகைப் பகுதியை நான் எழுதித் தருகிறேன். வழிகாட்டி மதிப்பு வேண்டாம், அந்தந்த வட்டாரத்தில் ஓர் ஏக்கருக்கு நடப்பில் இருக்கும் குத்தகைத் தொகையை அடிப்படையாக வைத்து, ஆண்டுதோறும் உயரும் வகையில் கேட்போம். பட்டாதாரர் மட்டுமன்றி, நிலத்தைக் குத்தகைக்கு உழுபவருக்கும் பயிரிழப்பில் பங்கு வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.